சுமாரான ரிசார்ட்டில் பள்ளிச் சுற்றுலா: துணைக்குப் போகிறவர்கள் எதைக் கவனிக்க வேண்டும்?

ஏழாம்வகுப்பு_டீச்சர் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் பள்ளியில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளை இரண்டு இரவு தங்கும்படி சுற்றுலா அழைத்துப் போகிறோம். நாற்பத்துச் சொச்சம் பிள்ளைகள், பெரியவர்கள் ஐந்து பேர். பொறுப்பு என்னுடையது. ரிசார்ட்டை நிர்வாகம் முடிவு செய்து முன்பணமும் கட்டிவிட்டார்கள்.

நேற்று அந்த இடத்தைப் பற்றித் தங்கியவர்கள் எழுதியதை எல்லாம் உட்கார்ந்து படித்தேன். மோசம் என்று யாரும் சொல்லவில்லை. நன்றாக இருந்தது என்றும் சொல்லவில்லை. படுக்கை விரிப்பில் கறை, வெந்நீர் வந்தால் வரும், நீச்சல் குளத்துத் தண்ணீர் கண்ணை எரிக்கிறது, சாப்பாடு ஆறிப்போய்த்தான் வருகிறது, ராத்திரி பத்து மணிக்கு மேல் ரிசெப்ஷனில் ஆளே இல்லை. இப்படியே போகிறது.

இடத்தை இனி மாற்ற வழியில்லை. இந்தக் குறைகளில் எதற்கு நான் தூக்கம் கெட வேண்டும், எதைக் கண்டுகொள்ளாமல் விடலாம் என்று பிரித்துச் சொல்ல முடியுமா? இதே போன்ற இடங்களுக்குப் பிள்ளைகளை அழைத்துப் போனவர்கள் எழுதுங்கள். பலருக்கு வீட்டை விட்டு வெளியே தூங்கப்போகும் முதல் இரவு இது. நன்றாக அமைய வேண்டும் என்று மனசார நினைக்கிறேன்.

*

பழைய_வார்டன் எழுதியது:

வணக்கம் டீச்சர். விடுதியில் பல வருஷம் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டவன், சுற்றுலாவுக்கும் நிறையப் போயிருக்கிறேன்.

கறை, வெந்நீர், பழைய திரைச்சீலை இதெல்லாம் பெரியவர்களின் வருத்தம். பிள்ளைகள் பத்து நிமிஷத்தில் மறந்துவிடுவார்கள். அவர்களுக்கு வேண்டியது சிநேகிதனோடு ஒரே அறை, அவ்வளவுதான். உங்கள் பட்டியலில் என் தூக்கத்தைக் கெடுப்பவை இரண்டு. ஒன்று குளம். இன்னொன்று ராத்திரி ஆள் இல்லாதது. இடம் பார்க்கச் சுமாராக இருப்பது வேறு, ஆபத்தாக இருப்பது வேறு. பளபளவென்று இருக்கும் ரிசார்ட்டிலும் ஆபத்து இருக்கலாம். சுவரில் காரை பெயர்ந்த இடம் பத்திரமாக இருக்கலாம்.

முடிந்தால் முன்கூட்டியே நேரில் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். போனால் லாபியில் உட்கார்ந்து பேசிவிட்டு வந்துவிடாதீர்கள். உங்களுக்குத் தரப்போகும் அறைகளையே திறந்து காட்டச் சொல்லுங்கள். பால்கனிக் கம்பியைக் கையால் பிடித்து நன்றாக ஆட்டிப் பாருங்கள். கம்பிக்குக் கம்பி எவ்வளவு இடைவெளி, பக்கத்தில் ஏறி நிற்க வசதியாக நாற்காலியோ தொட்டியோ இருக்கிறதா என்று பாருங்கள். குளியலறைத் தாழ்ப்பாள் உள்ளே சிக்கிக்கொண்டால் வெளியிலிருந்து திறக்க முடியுமா? மாடியிலிருந்து இறங்க எத்தனை வழி? பின்பக்கப் படிக்கட்டுக் கதவில் பூட்டுத் தொங்குகிறதா? இதை மட்டும் அவர்கள் வாய்வார்த்தையில் விடாதீர்கள். நீங்களே நடந்து இறங்கிப் பாருங்கள்.

*

ஈரத்துண்டு எழுதியது:

பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுப்பது என் வேலை. அதனால் குளத்தைப் பற்றி மட்டும் பேசுகிறேன், கொஞ்சம் நீளமாக.

தண்ணீர் கண்ணை எரிக்கிறது, மருந்து வாடை தூக்கலாக அடிக்கிறது என்றால் குளோரின் அதிகம் போட்டுவிட்டார்கள் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் உண்மை அதற்கு நேர்மாறு. வியர்வை, சிறுநீர், உடம்பு அழுக்கு இவற்றோடு குளோரின் சேரும்போது குளோரமைன் என்ற பொருள் உண்டாகிறது. அந்த வாடையும் எரிச்சலும் அதனால் வருவது. கிருமியைக் கொல்ல வேண்டிய குளோரின் அந்த அழுக்கோடு சேர்வதிலேயே செலவாகிப் போயிருக்கும். தண்ணீரில் தனித்து நிற்கும் குளோரின் குறைந்தது 1 பி.பி.எம். (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) இருக்க வேண்டும். பி.எச். (அமில, காரத் தன்மை) அளவு 7.0 முதல் 7.8 வரை. சோதனைத் தாள் கடையில் கிடைக்கிறது, நனைத்து நிறம் பார்த்தால் போதும். வாங்கிக்கொண்டு போங்கள்.

அதை விட முக்கியமானது, கரையில் நின்றால் குளத்தின் அடித்தரை தெளிவாகத் தெரிய வேண்டும். ஆழமான பகுதியில் தண்ணீர் வெளியேறும் துளை இருக்கும். அதன் மூடியின் வடிவம் கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் ஒரு பிள்ளையையும் இறக்காதீர்கள். கலங்கிய தண்ணீரில் மூழ்கிய பிள்ளை பக்கத்தில் இருப்பவர் கண்ணுக்கும் தெரியாது. அந்த மூடி உடைந்திருந்தாலோ கழன்றிருந்தாலோ அந்தக் குளமே வேண்டாம். உறிஞ்சும் வேகத்தில் தலைமுடியும் கையும் மாட்டிக்கொண்டு உயிர்கள் போயிருக்கின்றன.

இன்னொன்று. மூழ்குகிறவர் கையை ஆட்டிக் கத்துவார் என்று நம்பிக்கொண்டிருக்கிறோம். ஃபிராங்க் பியா என்ற அமெரிக்க உயிர்காப்பாளர், நிஜமாக மூழ்கியவர்களைப் படம் பிடித்து ஆராய்ந்து சொன்னது வேறு. அவர்களால் கூப்பிட முடியாது, ஏனென்றால் மூச்சு இழுக்கவே நேரம் போதாது. கையை உயரத் தூக்கவும் முடியாது. இரு பக்கமும் விரித்துத் தண்ணீரை அழுத்திக்கொண்டிருப்பார்கள். உடம்பு நேர்குத்தாக நிற்கும். 20 முதல் 60 விநாடிக்குள் உள்ளே போய்விடுவார்கள். சத்தமே இருக்காது. ஆகவே காதை நம்பிக் கரையில் உட்காரக் கூடாது.

கண்காணிக்கிறவர் கையில் போன் இருக்கக் கூடாது, பக்கத்து ஆளோடு பேச்சும் கூடாது. கால் மணி நேரத்துக்கு ஒருமுறை ஆளை மாற்றுங்கள், அதற்கு மேல் கண் சோர்ந்துவிடும். 'எல்லோரும் பார்த்துக்கொள்வோம்' என்பது யாருமே பார்க்கவில்லை என்பதில்தான் போய் முடியும்.

*

இரண்டு_பிள்ளைகளின்_அம்மா எழுதியது:

இவ்வளவு படித்த பிறகு ஒரு தாயாக என் கேள்வி ஒன்றுதான். குளம் எதற்கு? சுற்றுலாவில் பார்க்க ஆயிரம் இடம் இருக்கிறது. ஐந்து பெரியவர்கள் நாற்பது பிள்ளைகளைத் தண்ணீரில் எப்படிப் பார்த்துக்கொள்ள முடியும்? உயிர்காப்பாளர் இருக்கிறாரா என்றே தெரியாத ஒரு சுமாரான இடத்தில், குளம் கிடையாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள் டீச்சர். பிள்ளைகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள், பரவாயில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021இல் மட்டும் உலகம் முழுக்க சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்திருக்கிறார்கள். அதில் பெரும்பங்கு பிள்ளைகளும் இளவயதினரும்.

*

ஈரத்துண்டு எழுதியது:

அம்மா, உங்கள் பயம் நியாயமானது. உயிர்காப்பாளர் இல்லை என்றால் நானும் குளம் வேண்டாம் என்றுதான் சொல்வேன். அதில் பேச்சே இல்லை.

ஆனால் ஒன்று. 'கிடையாது' என்று சொல்லிவிட்டால் குளம் அங்கிருந்து போய்விடாது. ராத்திரி பதினொரு மணிக்கும் அது அங்கேதான் இருக்கும், பிள்ளைகளின் ஜன்னலுக்குக் கீழே. பகலில் தொடவே விடாத குளத்துக்குத்தான் ராத்திரி திருட்டுத்தனமாக நாலு பேர் போவார்கள். எனவே இறங்கினாலும் இறங்காவிட்டாலும் சுற்றி வேலி இருக்கிறதா, கேட்டுக்குப் பூட்டு இருக்கிறதா, சாவி யாரிடம் என்பதைக் கேட்டே ஆக வேண்டும்.

இறக்குவதாக இருந்தால் பத்துப் பத்துப் பேராக இறக்குங்கள். நீச்சல் தெரியும் என்று பிள்ளை சொல்வதையும் பெற்றோர் எழுதிக்கொடுப்பதையும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். நெஞ்சளவு ஆழத்தில், பெரியவர் ஒருவர் பக்கத்தில் நிற்க, அகலவாட்டில் ஒருமுறை நீந்திக்காட்டச் சொல்லுங்கள். அதோடு, யார் அதிக நேரம் மூச்சைப் பிடிப்பது என்ற போட்டிக்கு இடமே இல்லை. வேகவேகமாக மூச்சு வாங்கிவிட்டு முங்கினால் உடம்புக்கு மூச்சு முட்டும் உணர்வு தாமதமாகத்தான் வரும். அதற்குள் ஆக்சிஜன் தீர்ந்து தண்ணீருக்குள்ளேயே மயங்கிவிடுவார்கள். நன்றாக நீந்தத் தெரிந்த பிள்ளைகளுக்கும் இது நடக்கிறது.

சி.பி.ஆர். (நின்றுபோன மூச்சையும் இதயத்துடிப்பையும் மீட்கும் முதலுதவி) தெரிந்த ஒருவராவது உங்கள் ஐந்து பேரில் இருக்கட்டும். மூழ்கியவருக்கு நெஞ்சை அழுத்துவது மட்டும் போதாது, வாய்வழி மூச்சும் கொடுக்க வேண்டும். தெரியாதவர்கள் கிளம்புவதற்கு முன் பயிற்சி எடுத்துக்கொள்ளுங்கள்.

*

முன்னாள்_ரிசெப்ஷன் எழுதியது:

சுமாரான ஒரு ரிசார்ட்டில் ரிசெப்ஷனிலும் அப்புறம் டூட்டி மேனேஜராகவும் வேலை பார்த்தேன். மேஜைக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கும் என்று சொல்கிறேன்.

பள்ளிக் குழு என்றால் அறை எண்களை முன்னாடியே யாரும் ஒதுக்க மாட்டார்கள். நீங்கள் வந்து நிற்கும்போது எது காலியோ அதைத் தருவார்கள். இரண்டு மாடி, மூன்று கட்டடம் என்று சிதறிப்போகும். அப்படி ஆனால் ஐந்து பெரியவர்களால் ஒன்றும் செய்ய முடியாது. எனவே ஒரே தளத்தில், ஒரே வராந்தாவில் எல்லா அறையும் வேண்டும் என்று இப்போதே எழுத்தில் கேளுங்கள். வராந்தாவின் இரண்டு முனையிலும் பெரியவர்கள் அறை இருக்கட்டும். சில அறைகளுக்கு நடுவே இணைப்புக் கதவு இருக்கும். அது உங்கள் பிள்ளைகளுக்கும் வேறு யாருக்கோ தந்த அறைக்கும் நடுவில் இருந்தால் அந்த அறையே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

அதே நாளில் வேறு என்ன புக்கிங் இருக்கிறது என்று கேளுங்கள். யாரும் தாமாகச் சொல்ல மாட்டார்கள். கல்யாண வரவேற்போ கம்பெனிக் கூட்டமோ இருந்தால் ராத்திரி முழுக்கப் பாட்டுச் சத்தமும் வராந்தாவில் குடித்துவிட்டு நடமாடும் ஆட்களும் இருப்பார்கள். குழுவை வேறு கட்டடத்துக்கு மாற்றச் சொல்லிக் கேட்கலாம், ஆனால் வருவதற்கு முன்னால் கேட்டால்தான் நடக்கும்.

ராத்திரி ஆள் இல்லை என்று எழுதியிருக்கிறார்கள் அல்லவா, அது பணத்தை மிச்சம் பிடிக்க. காவலாளி ஒருவர் இருப்பார், அவரிடம் சாவி இருக்காது. டூட்டி மேனேஜரின் பெயரும் கைபேசி எண்ணும் வாங்கி, உங்கள் கண் முன்னாலேயே ஒருமுறை அழைத்து, மணி அடிக்கிறதா என்று பாருங்கள். எல்லா அறைக்கும் பொதுவான மாஸ்டர் சாவி ஒன்று இரண்டு இரவும் உங்கள் கையில் இருக்க வேண்டும். தயங்குவார்கள். விடாமல் கேட்டால் கையெழுத்து வாங்கிக்கொண்டு தருவார்கள். நான் தந்திருக்கிறேன்.

மினிபாரை, அதாவது அறையில் மதுவும் குளிர்பானமும் வைத்திருக்கும் சின்ன ஃபிரிட்ஜை, காலி செய்யச் சொல்லுங்கள். டிவியில் எல்லாச் சேனலும் வரும், வேண்டாதவற்றைப் பூட்டச் சொல்லுங்கள், இல்லை இணைப்பையே எடுத்துவிடச் சொல்லுங்கள். வெந்நீர் வராததற்குக் காரணம் பெரும்பாலும் தொட்டி சிறியது என்பதுதான். எல்லோரும் காலை ஏழு மணிக்குக் குளித்தால் பாதிப் பேருக்குப் பச்சைத்தண்ணீர்தான். பாதிப் பிள்ளைகளை முதல் நாள் சாயங்காலமே குளிக்கவைத்தால் பிரச்சினை தீர்ந்தது.

*

வெள்ளைக்கோட்டு எழுதியது:

நான் செவிலியர். டீச்சர், 'சாப்பாடு ஆறிப்போய் வருகிறது' என்பதை நீங்கள் ருசிக் குறையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்தப் பட்டியலில் எனக்கு முதலில் கண்ணில் பட்டது அதுதான்.

சமைத்த உணவு 60 டிகிரிக்கு மேல் சூடாக இருக்க வேண்டும், இல்லை 5 டிகிரிக்குக் கீழே குளிராக இருக்க வேண்டும். நடுவில் இருக்கும் வெதுவெதுப்பில் கிருமிகள் மளமளவென்று பெருகும். வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைத்த உணவு வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. சில கிருமிகள் விட்டுச் செல்லும் நச்சு, மறுபடி சூடாக்கினாலும் போகாது. எனவே 'சூடு பண்ணித் தருகிறோம்' என்ற சமாதானத்தை ஏற்காதீர்கள். நீங்கள் சாப்பிட வரும் நேரத்தைத் தீர்மானமாகச் சொல்லி, அந்த நேரத்துக்குச் சமைத்து இறக்கச் சொல்லுங்கள். பிறகு நீங்கள் அந்த நேரத்துக்கு வந்துவிட வேண்டும். பேருந்து ஒன்றரை மணி நேரம் தாமதமானால் சமையலறையைக் குறை சொல்ல முடியாது.

ஒரே வேளை சாப்பிட்ட பலர் ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் உணவில் இருந்த நச்சு என்று சந்தேகப்படலாம். ஒருவர் வாந்தி எடுத்து, அடுத்த நாள் அதே அறையில் இன்னும் இருவர் எடுத்தால் அது தொற்று, பெரும்பாலும் நோரோவைரஸ். இதற்குக் கைச்சுத்திகரிப்பு ஜெல் சரியாக வேலை செய்யாது. சோப்பும் ஓடும் தண்ணீரும்தான் வேண்டும். சுமாரான இடங்களில் பொதுக் கழிப்பறையில் சோப்பு இருக்காது, அதனால் சோப்பை நீங்களே கொண்டுபோங்கள். வாந்தி எடுத்த பிள்ளைக்குத் தனி அறை தேவைப்படும். ஒரு கூடுதல் அறையை முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

ஓ.ஆர்.எஸ். (உப்பு-சர்க்கரைக் கரைசல்) பொட்டலம் நிறைய எடுத்துக்கொள்ளுங்கள். தீர்ந்துபோனால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலை தட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும். உப்பு கூடிவிடக் கூடாது. கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சிக் குடிக்கச் சொல்லுங்கள், ஒரேயடியாகக் கொடுத்தால் திரும்ப வாந்தியாகும்.

ஒவ்வாமை, ஆஸ்துமா, வலிப்பு உள்ள பிள்ளைகளின் பட்டியல் ஐந்து பெரியவர்களிடமும் தாளில் இருக்க வேண்டும். இன்ஹேலரும் ஒவ்வாமை ஊசியும் அந்தப் பிள்ளையோடு போகும் பெரியவரின் பையில் இருக்கட்டும். பேருந்தின் அடியில் அடுக்கிய பெட்டியில் இருந்தால் தேவைப்படும்போது கைக்கு எட்டாது.

*

கடைசிபெஞ்ச் எழுதியது:

நான் கல்லூரியில் படிக்கிறேன். சமீபத்தில்தான் இது மாதிரிச் சுற்றுலாவில் பிள்ளையாகப் போனவன், அதனால் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை.

எங்கள் பள்ளியில் ராத்திரி எல்லா அறைக் கதவிலும் டேப் ஒட்டினார்கள், காலையில் கிழிந்திருந்தால் விசாரணை. பாதுகாப்புக்கு என்று சொன்னார்கள். ஆனால் எங்கள் அறையில் ஒருவனுக்குக் காய்ச்சல். டேப் கிழியுமே என்று பயந்து விடியும் வரை அவன் யாரையும் எழுப்பவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் கோபம் வருகிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

*

பழைய_வார்டன் எழுதியது:

தம்பி சொல்வது முக்கியமானது. டேப் ஒட்டுகிறவர்களின் நோக்கம் எனக்குப் புரிகிறது, கதவு திறந்ததா என்று தெரிய வேண்டும். ஆனால் கதவைத் திறப்பதே குற்றம் என்று பிள்ளை நினைத்துவிட்டால் நமக்கு வேண்டியதற்கு நேர் எதிர்தான் நடக்கும். ராத்திரி எந்த நேரமும் கதவைத் திறந்து நம்மிடம் வரலாம் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். வெளியிலிருந்து பூட்டுவதைப் பற்றிப் பேசவே வேண்டாம். தீ பிடித்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

நான் செய்வது இதுதான். வராந்தாவில் ஒரு நாற்காலி, ஒரு விளக்கு, முறை வைத்து ஒரு பெரியவர். முதல் இரவு ஒரு மணி வரை கட்டாயம் உட்கார வேண்டும், யாருமே தூங்க மாட்டார்கள். இரண்டாம் இரவு அசதியில் பதினொன்றுக்கே அடங்கிவிடுவார்கள். உட்காருபவர் மறுநாள் காலையில் கூடுதலாகத் தூங்க இடம் கொடுங்கள். தூக்கமில்லாத ஆசிரியரைக் குளக்கரையில் நிறுத்தினால் பயனில்லை.

வீட்டு ஞாபகம் வந்து அழும் பிள்ளை நிச்சயம் இருக்கும். படுக்கும் நேரத்தில் அம்மாவுக்குப் போன் போட்டுக் கொடுத்தால் அழுகை இரு பக்கமும் கூடும். பகலில் பேசவையுங்கள். ராத்திரியில் முகம் கழுவச் சொல்லி, குடிக்கத் தண்ணீர் கொடுத்து, வராந்தா நாற்காலிக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்காரவைத்து, நாளைக்கு ஒரு வேலை கொடுங்கள். பேருந்தில் தலை எண்ணும் வேலை மாதிரி. காலையில் தனக்கு ஒரு பொறுப்பு இருக்கிறது என்றால் பிள்ளைகள் தூங்கிவிடுகிறார்கள்.

படுக்கை நனைக்கும் பிள்ளையும் இருக்கலாம், பன்னிரண்டு வயதிலும். பெற்றோர் எழுதித் தர வெட்கப்படுவார்கள், அதனால் தனியாகக் கேளுங்கள். முதல் நாளே ஹவுஸ்கீப்பிங்கில் பேசி இரண்டு மூன்று விரிப்பும் ரப்பர் ஷீட்டும் உங்கள் அறையில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். காலையில் அறை நண்பர்களைப் பல் தேய்க்க அனுப்பிவிட்டு, அந்தப் பிள்ளையை எதற்கோ கூப்பிடுவது போலக் கூப்பிட்டு, இன்னொரு ஆசிரியர் விரிப்பை மாற்றிவிட வேண்டும். சுமாரான ரிசார்ட்டில் ஏற்கெனவே எல்லா விரிப்பிலும் ஏதோ கறை இருக்கும், யாரும் எதையும் கேட்க மாட்டார்கள். இதைச் சரியாகச் செய்துவிட்டால் அந்தப் பிள்ளை வாழ்நாளுக்கும் உங்களை மறக்காது.

பெரியவர் எவரும் ஒரு பிள்ளையோடு தனியாக, கதவை மூடிக்கொண்டு ஓர் அறைக்குள் இருக்கக் கூடாது என்பதையும் ஐந்து பேரும் முதலிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைக்கும் நல்லது, உங்களுக்கும் நல்லது.

*

ஏழாம்வகுப்பு_டீச்சர் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. சனிக்கிழமை நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். உடற்கல்வி ஆசிரியரும் வந்தார்.

அறைகள் தங்கியவர்கள் எழுதியது போலத்தான். சுவரில் ஈரம், ஏசி உறுமுகிறது, மேஜை ஒரு காலில் ஆடுகிறது. வார்டன் சார் சொன்ன மாதிரி அதையெல்லாம் விட்டுவிட்டேன். பால்கனிக் கம்பிகளைப் பிடித்து ஆட்டிக்கொண்டே வந்தோம். மூலை அறையில் கம்பியின் அடிப்பகுதி துருப்பிடித்து, தளத்தோடு ஒட்டாமல் கையோடு வந்தது. எங்களோடு வந்த மேலாளரும் அப்போதுதான் அதைப் பார்த்தார். அந்த அறை வேண்டாம் என்று எழுதி வாங்கிவிட்டோம், வேறு யாருக்கும் தராதீர்கள் என்றும் கேட்டுக்கொண்டோம்.

பின்பக்கப் படிக்கட்டுக் கதவில் சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தது. திருட்டுப் பயமாம். நாங்கள் தங்கும் இரண்டு இரவும் பூட்டு இருக்காது, காவலாளி அங்கே உட்காருவார் என்று ஒப்புக்கொண்டார்கள்.

குளத்துக்கு வேலி உண்டு, பூட்டும் உண்டு. உயிர்காப்பாளர் பகலில் வருவாராம். ஆனால் ஆழமான பக்கத்தில் அடித்துளை தெரியவில்லை, தண்ணீர் பால் கலந்தது போல இருந்தது.

இன்னொன்று கேட்க வேண்டும். பழைய கட்டடத்தில் நாலு அறைகளில் குளியலறைக்குள்ளேயே கேஸ் கீசர் மாட்டியிருக்கிறார்கள். ஜன்னலை ஆணி அடித்து மூடியிருக்கிறார்கள். இது பரவாயில்லையா?

*

வெள்ளைக்கோட்டு எழுதியது:

பரவாயில்லை இல்லை டீச்சர். அந்த நாலு அறைகளை எடுக்கவே எடுக்காதீர்கள்.

காற்று வராத குளியலறையில் எரிவாயு எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். நிறமில்லை, மணமில்லை. தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு என்று ஆரம்பித்து அப்படியே மயங்கிச் சரிந்துவிடுவார்கள். பிள்ளைகள் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு ஒருவர் பின் ஒருவராக நீண்ட நேரம் குளிக்கும் இடத்தில் இது மிகப் பெரிய ஆபத்து. ஒரே அறையில் இருப்பவர்களுக்கு ஒரே நேரத்தில் தலைவலி வந்தால், மாத்திரை தேடாமல் முதலில் எல்லோரையும் வெளிக்காற்றுக்குக் கூட்டி வாருங்கள். அப்புறம் மருத்துவமனை. வேறு அறை இல்லவே இல்லை என்றால் கீசரின் கேஸ் இணைப்பைக் கழற்றச் சொல்லிவிட்டுப் பச்சைத்தண்ணீரில் குளிக்கட்டும்.

*

இரண்டு_பிள்ளைகளின்_அம்மா எழுதியது:

நேரில் போனது எவ்வளவு நல்லதாகப் போயிற்று! தங்கியவர்கள் எழுதியதில் விரிப்புக் கறை வந்திருக்கிறது, கையோடு வரும் கம்பி வரவில்லை, கீசர் வரவில்லை. டீச்சர், குளத்தை என்ன செய்யப்போகிறீர்கள்?

*

ஏழாம்வகுப்பு_டீச்சர் எழுதியது:

அம்மா, அன்று பார்த்த நிலையில் குளம் இருந்தால் யாரும் இறங்க மாட்டார்கள் என்று மேலாளரிடமே சொல்லிவிட்டேன். வடிகட்டியைச் சுத்தம் செய்து தண்ணீரைத் தெளியவைக்கிறோம் என்றார். நாங்கள் போகும் அன்று காலையில் பார்ப்போம், துளை தெரிந்தால் மட்டும் மேலே யோசிப்போம். பிள்ளைகளிடம் குளத்தைப் பற்றி எந்த வாக்கும் கொடுக்கவில்லை.

*

ஏழாம்வகுப்பு_டீச்சர் எழுதியது:

போய்விட்டு எல்லோரும் பத்திரமாகத் திரும்பிவிட்டோம். கேட்டவர்களுக்காக எழுதுகிறேன்.

எல்லா அறையும் ஒரே வராந்தாவில் கிடைத்தது. எழுதி வாங்கிய தாளைக் காட்டிய பிறகுதான் கிடைத்தது. ரிசெப்ஷனில் இருந்த பெண் முதலில் மூன்று கட்டடத்துக்குப் பிரித்துத்தான் சாவிகளை எடுத்து வைத்திருந்தார். மாஸ்டர் சாவியும் கிடைத்தது. முதல் இரவே தேவைப்பட்டது, ஓர் அறையில் தாழ்ப்பாள் சிக்கி மூன்று பிள்ளைகள் உள்ளே மாட்டிக்கொண்டார்கள். தாழ்ப்பாளைக் கழற்றி எடுத்துவிட்டுத்தான் படுத்தோம்.

குளம் தெளிந்திருந்தது, துளையின் கட்டம் கட்டமான மூடி கரையிலிருந்தே தெரிந்தது. சோதனைத் தாளும் சரியாகக் காட்டியது. பத்துப் பேராக இறக்கினோம். நீச்சல் தெரியும் என்று பெற்றோர் எழுதிக்கொடுத்த பிள்ளைகளில் சிலருக்கு அகலவாட்டில் பாதி கூடத் தாண்ட முடியவில்லை. ஈரத்துண்டு சார், அந்த ஒரு யோசனைக்கு மட்டும் உங்களுக்குத் தனியாக நன்றி. மூன்றாவது குழு இறங்கும்போது இடி கேட்டது. எல்லோரையும் கரையேற்றிக் கட்டடத்துக்குள் அனுப்பினோம். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் ஆகும் வரை யாரும் இறங்கக் கூடாது என்று உயிர்காப்பாளரே சொன்னார். அதன் பிறகு மழை நிற்கவில்லை, கடைசிக் குழுவுக்குக் குளம் கிடைக்கவில்லை. அழுதார்கள். அது கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது.

மழையில் சாயங்காலத் திட்டம் முழுக்கப் போயிற்று. கீழே பெரிய கூடம், அதில் வலையில்லாத டேபிள் டென்னிஸ் மேஜை, இரண்டு மட்டை, ஒன்றில் ரப்பர் உரிந்து தொங்குகிறது. பிள்ளைகள் தங்கள் ஷூக்களை மேஜையின் குறுக்கே வரிசையாக அடுக்கி வலையாக்கினார்கள். பந்து ஷூவுக்குள் விழுந்தால் யாருக்குப் புள்ளி என்று அரை மணி நேரம் சண்டை. பிறகு விதியை எழுதிச் சுவரில் ஒட்டினார்கள்: ஷூவின் சொந்தக்காரருக்குப் புள்ளி. அதன் பிறகு யாருடைய ஷூ நடுவில் இருக்க வேண்டும் என்பதில் போட்டி. வகுப்பில் வாய் திறக்காத ஒரு பெண்தான் அன்று நடுவர். அவள் சொன்னதை யாரும் எதிர்த்துப் பேசவில்லை. திரும்பும் வழியில் பேருந்தில் எது பிடித்தது என்று கேட்டேன். பார்க்கப்போன இடங்களை ஒன்றிரண்டு பேர் சொன்னார்கள், மற்ற எல்லோரும் 'ஷூ டென்னிஸ்' என்றார்கள்.

இரண்டாம் நாள் காலை ஒரு பையன் வாந்தி எடுத்தான். கூடுதல் அறை தயாராக இருந்தது, ஓர் ஆசிரியர் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கூடவே உட்கார்ந்தார், ஓ.ஆர்.எஸ். கொடுத்தோம். வேறு யாருக்கும் வரவில்லை. சோப்புக் கட்டிகள் நாங்கள் கொண்டுபோனவை. வெள்ளைக்கோட்டு மேடம் சொன்னது போலவே அங்கே பொதுக் கழிப்பறையில் சோப்பு இல்லை.

*

கடைசிபெஞ்ச் எழுதியது:

ராத்திரி எப்படிப் போயிற்று டீச்சர்? டேப் ஒட்டவில்லையே?

*

ஏழாம்வகுப்பு_டீச்சர் எழுதியது:

ஒட்டவில்லை தம்பி. நாற்காலி போட்டு முறை வைத்து உட்கார்ந்தோம். எந்த நேரத்திலும் வரலாம் என்று சாப்பாட்டுக் கூடத்தில் எல்லோர் முன்னாலும் சொன்னேன், எங்கள் அறை எண்களை அவரவர் கையில் பேனாவால் எழுதிக்கொள்ளச் சொன்னேன். முதல் இரவு ஐந்தாறு பேர் வந்தார்கள். ஒருத்திக்கு வயிற்றுவலி, ஒருவனுக்கு ஏசிச் சத்தம் பயமாக இருந்தது, ஒருத்திக்கு மாதவிடாய் முதல்முறை. அவளோடு எங்கள் பெண் ஆசிரியர் இருவர் போய்ப் பேசினார்கள். கதவைத் திறந்தால் திட்டு விழும் என்று இருந்திருந்தால் அவள் விடியும் வரை தனியாக என்ன செய்திருப்பாள் என்று நினைக்கவே முடியவில்லை. நாப்கினும் மாற்று உடையும் முதலுதவிப் பெட்டியோடு எப்போதும் இருக்க வேண்டும். இங்கே யாரும் எழுதாமல் விட்டது அது ஒன்றுதான், அடுத்துப் போகிறவர்கள் சேர்த்துக்கொள்ளுங்கள்.

*

முன்னாள்_ரிசெப்ஷன் எழுதியது:

அடுத்த வருஷமும் அதே ரிசார்ட்டா டீச்சர்? இப்போது உங்களை அவர்களுக்குத் தெரியும், கேட்டதைச் செய்வார்கள். புது இடம் என்றால் மறுபடியும் முதலிலிருந்து.

*

ஏழாம்வகுப்பு_டீச்சர் எழுதியது:

நிர்வாகமும் அதைத்தான் கேட்டார்கள். அந்த பால்கனிக் கம்பியைச் சரிசெய்திருக்க வேண்டும், பழைய கட்டடத்துக் கீசர்களை வெளிச்சுவருக்கு மாற்றியிருக்க வேண்டும். இரண்டையும் நேரில் பார்த்த பிறகுதான் முன்பணம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். விரிப்பைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை.